நிக்காம ஓடணும் முனியய்யா

டயர் மாத்துறதுக்கு பிரதாப்புக்கு மூணு நிமிசம் போதும். எந்த டயரைப் போடுறதுன்னு முடிவு பண்ணத்தான் மூணு வாரம் எடுத்துக்கிட்டான். தேயிலை ஃபெக்டரியில ஃபிட்டர், பத்து வருசமா பெல்ட்டும் பேரிங்கும் மாத்துற கை அது. ஆனா பொண்டாட்டி ஓட்டப்போற சைக்கிள்னு வந்ததும் மனுசனுக்குக் கை ஓடல, கால் ஓடல.

பொண்டாட்டி நிலக்ஷிக்கு தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல வேலை. கொழுந்தெடுக்கப் போற அம்மாமார் விட்டுட்டுப் போற பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக் குடுத்து, மூக்கைத் தொடச்சு, தூங்க வைக்கிற வேலை. அதை முடிச்சிட்டு ரெண்டு வருசமா நீந்துறா, மிதிக்கிறா, ஓடுறா. தலவாக்கலையில படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து கிருஷாந்தன் சேர்தான் பழக்கி விட்டாரு, தன்னோட பழைய ரேஸ் சைக்கிளையும் குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை போட்டி. நீர்த்தேக்கத்துல ரெண்டு கிலோமீட்டர் நீச்சல். அப்புறம் லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகமன்னு ஏறித் திரும்பி இறங்கி, திருப்பியும் ஒருக்கா ஏறி இறங்கி, நூறு கிலோமீட்டர் சைக்கிள். அதுக்கும் மேல இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். பகல் ஒன்றரைக்குள்ள சைக்கிளைக் கொண்டாந்து வைக்கலேன்னா ஓட விடமாட்டாங்க. வீட்டுக்குப் போம்மான்னு அனுப்பிருவாங்க.

டயர் பிரச்சினை வந்ததே அந்த ஒன்றரை மணியாலதான். வீட்டுல இருந்தது ரெண்டு சோடி. ஒண்ணு மெல்லிசு, வழுவழுன்னு இருக்கும், தொண்ணூறு றாத்தல் காத்து அடிச்சா கல்லு மாதிரி. இன்னொண்ணு தடிப்பு, ஓரமெல்லாம் கோடு வெட்டினது, ஐம்பத்தஞ்சு றாத்தலே அதுக்கு அதிகம். மெல்லிசுன்னா பத்து நிமிசம் மிச்சமாகும். தடிப்புன்னா மழை ரோட்டுல பிடிச்சு நிக்கும். போன மாசம் தடிப்பைப் போட்டுக்கிட்டு முழுத் தூரமும் ஓட்டிப் பாத்தா, மணி ஒண்ணு முப்பத்தாறு ஆயிருச்சு. ஆறு நிமிசத்துல ரெண்டு வருசம் போயிரும்னு நிலக்ஷி சொன்னா. பிரதாப்புக்கு அவ வீடு வந்து சேந்தாப் போதும். அதைச் சொன்னா சண்டை வரும்.

கடைசியா வியாழக்கிழமை மெல்லிசைப் போட்டான். வெள்ளிக்கிழமை ஃபெக்டரிச் சாமி ரோதமுனிக்குக் கும்பிட்டான். சனிக்கிழமை காலையில, சும்மா காலை ஆட்டிட்டு வர்றேன்னு போனவ முழங்கையில ரத்தத்தோட திரும்பி வந்தா.

“என்ன புள்ள இது?”

“ஒண்ணுமில்லீங்க. ஏழாம் நம்பர் மலை வளைவுல தேயிலைக்குள்ள போய்ட்டேன்.”

“சறுக்கிருச்சா?”

“சறுக்கலீங்க.” படியில உக்காந்து சப்பாத்தைக் கழட்டினா. “பிரேக் புடிச்சேன். நிக்கல.”

“லேட்டா நின்னுச்சா, நிக்கவே இல்லையா?”

“நிக்கவே இல்ல. ரெண்டு கையாலயும் அமுக்குறேன், அது பாட்டுக்குப் போகுது. யாரும் தள்ளுற மாதிரியும் இல்ல. அதுக்கு நிக்க மனசில்ல, அவ்ளோதான்.” சொல்லிட்டு அவளே சிரிச்சா. “நல்ல வேளை, தேயிலைச் செடி புடிச்சுக்கிருச்சு.”

பிரேக் கட்டையைப் பாத்தான். கம்பியைப் பாத்தான். எல்லாம் போன வாரம் மாத்தினது, ஒரு குறையும் இல்ல. சரி, மழைத் தண்ணி, மெல்லிசு டயரு, வேற என்ன இருக்கப்போகுதுன்னு முடிவு பண்ணிட்டான். அவ சறுக்கலேன்னு வாய் விட்டுச் சொல்லியும் காதுல விழல. ஆம்பளைங்களுக்கு வேண்டியது மட்டும்தானே காதுல விழும்.

“தடிப்பைப் போட்டுர்றேன். நிமிசத்தை நீ காலுல தேடிக்க.”

நிலக்ஷி முழங்கையை ஊதிக்கிட்டே, “போடுங்க”ன்னா. வழக்கமா அவ இவ்ளோ லேசா விட்டுக்குடுக்கிற ஆளில்ல. அந்த வளைவுல அவ நல்லாவே பயந்துட்டா போலன்னு அப்பதான் அவனுக்கு விளங்குச்சு.

வாசல் இஸ்தோப்புல சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, மெல்லிசைக் கழட்டி, தடிப்பை ஏத்தினான். கிருஷாந்தன் சேரோட சைக்கிளுக்கு அந்த டயர் கொஞ்சம் பெருசுதான், டயருக்கும் முன் ஃபோர்க்குக்கும் நடுவுல ஒரு தீக்குச்சி போற எடம் இருந்துச்சு. காத்து அடிச்சான். எங்கயாவது உரசுதான்னு பாக்க முன் ரோதையை, அதான் முன் சக்கரத்தை, ஒரு விரலால சுண்டி விட்டான். உரசல. அழகா சுத்துச்சு. நிலக்ஷி கடைப்பக்கம் போயிருந்தா. அவன் உள்ள போயி தேத்தண்ணி ஊத்தி, சீனி தேடி, நின்னுக்கிட்டே குடிச்சு முடிச்சான்.

வெளிய வந்தா ரோதை சுத்திக்கிட்டே இருக்கு.

பேரிங் நல்லா இருந்தா ரெண்டு நிமிசம் சுத்தும், இல்லேங்கல. இது பத்து நிமிசம் தாண்டியாச்சு. வேகம் குறையவும் இல்ல, கூடவும் இல்ல. பனி லயத்து வீட்டு வாசலுக்கு வந்து, எதுத்த வரிசை லயம் தெரியல. அந்த வெள்ளைக்கு முன்னால கம்பியெல்லாம் ஒண்ணாக் கலந்து ரோதை சுத்துது, ஒரு சின்ன இரைச்சல் வேற. பிரதாப்புக்கு அந்த இரைச்சல் பழக்கம். கொழுந்து அரைக்கிற ரூமுல மெசின் சூடேறி ஒரே சீரா ஓடும்போது கேக்கிற இரைச்சல். ஒரு முழுப் பெரிய மெசினோட சத்தம் ஒரு சைக்கிள் ரோதையில இருந்து வருது.

பிரேக்கை அமுக்கினான். கட்டை ரெண்டும் போயி இறுக்கிப் பிடிச்சுச்சு. ரப்பர் கருகுற வாடை வந்துச்சு. ரோதை அசரல. சாக்குத் துண்டைச் சுத்தி ரெண்டு கையாலயும் பிடிச்சப்பதான் நின்னுச்சு. நின்னுச்சேன்னு கையை எடுத்தான். குழந்தை கையை உதறிட்டு ஓடுற மாதிரி மெதுவா நகந்து, பழைய வேகத்துக்கே போயிருச்சு. டயர் மெல்லிசா தடிப்பாங்கிறது இல்ல விசயம், மூணு வாரமா வேற எதையோ நோண்டிக்கிட்டு இருந்திருக்கோம்னு தெரிஞ்சுபோச்சு.

வெள்ளிக்கிழமை நடந்ததை இப்பச் சொல்லியாகணும். ஃபெக்டரிக்குக் கீழ, பழைய தண்ணி ரோதை இருந்த பள்ளத்துல, குங்குமம் பூசின ஒரு கல்லு இருக்கு. அதுதான் ரோதமுனி. சுத்துறது எல்லாம் அவருக்குச் சொந்தம். புது மெசின் வந்தாலும், பெல்ட் மாத்தினாலும், ஒரு எலுமிச்சந் தேசிக்காய், ஒரு சுருட்டு, ஒரு மூடி சாராயம் வச்சுக் கும்பிடாம ஓட்டமாட்டாங்க. இந்த ஃபெக்டரியில எத்தனை துரை மாறியாச்சு, டீமேக்கர் மாறியாச்சு, கரண்ட் வந்தாச்சு, இதை மட்டும் யாரும் மாத்தல. பிரதாப்பும் சைக்கிள் ரோதை ரெண்டையும் கழட்டி, தோள்ல மாட்டிக்கிட்டு, அந்தக் கல்லுக்கு முன்னால கொண்டுபோய் வச்சான். தேசிக்காயை நசுக்கி உருட்டினான். வாயில வந்ததைச் சொல்லிக் கும்பிட்டான். வாயில வந்தது பத்து வருசமா வெள்ளிக்கிழமை தவறாமச் சொல்றது.

“முனியய்யா, இந்த ரோதை நிக்காம ஓடணும். ரோதைக்கு ஒரு குறை வரக்கூடாது.”

ஃபெக்டரி மெசினுக்கு அதுதான் வேணும். நின்னுபோனா கொழுந்து கெட்டுப் போயிரும். வளைவும் இறக்கமுமா இருக்கிற ரோட்டுல ஒரு பொம்பளை ஓட்டப்போற சைக்கிளுக்கு அதையா கேப்பான் ஒரு மனுசன்? கேட்டுட்டான். பழக்க தோசம்.

பெல்ட் துண்டு ஒண்ணை எடுத்து ரோதையைச் சைக்கிளோட சேத்து இறுக்கிக் கட்டிட்டு, செல்லசாமியைத் தேடிப் போனான். செல்லசாமி கொழுந்து அரைக்கிற ரூமுல இவனோட ஒண்ணா வேலைக்குச் சேந்தவன், முனிக்கு விளக்கேத்துறதும் அவன்தான், நேத்து கும்பிடும்போதும் பக்கத்துல நின்னான். சனிக்கிழமை அரை நாளுங்கிறதால பீலித் தண்ணியில குளிச்சிட்டு ஈரத் துண்டோட நின்னான்.

“என்ன மச்சான், உன் வீட்டு ராணிக்கு நாளைக்கு ரேஸாமே. கப்பு வைக்க மேசை வாங்கிட்டியா?”

பிரதாப் சிரிக்கல. நடந்ததை அப்படியே சொன்னான். செல்லசாமி துண்டைப் பிழிஞ்சவன் பிழிஞ்சபடியே நின்னுட்டான்.

“நேத்து என்ன சொல்லிக் கும்பிட்ட, திருப்பிச் சொல்லு.”

“எப்பவும் சொல்றதுதான்.”

“ரோதையைச் சொன்ன. அப்புறம் பேரு சொல்லுவோமே, அது?”

அங்கதான் பிரதாப்புக்குப் பொறி தட்டுச்சு. மெசினுக்குக் கும்பிடும்போது, ரோதை ஓடணும்னு சொன்ன கையோட, அந்த ரோதைகிட்ட நிக்கிற ஆளுங்க பேரை ஒண்ணொண்ணாச் சொல்லுவாங்க. இவன் கை இங்க இருக்கு, இவன் கால் இங்க இருக்கு, பாத்து ஓடுன்னு முனிக்கு அடையாளம் காட்டுறது. பேரு சொல்லலேன்னா முனிக்கு ரோதை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். முன்ன ஒருக்கா புதுசா வந்த ஒருத்தன் பேரை விட்டுட்டாங்க. மெசின் இன்னைக்கும் நல்லா ஓடுது. அவனுக்குத்தான் வலது கை இல்ல.

“நீயும் பக்கத்துலதானடா நின்ன. ஏன் சொல்லல?”

“கேக்க வாயெடுத்தேன் மச்சான். பொம்பளைப் பேராச்சேன்னு விட்டுட்டேன்.” செல்லசாமி குரலைத் தாழ்த்தினான். “அந்தக் கல்லுக்கு முன்னால பொம்பளைப் பேரை யாரும் சொன்னதில்ல. பொம்பளைங்க எங்க மெசின்கிட்ட நின்னாங்க, சொல்றதுக்கு? ஆம்பளைப் பேருன்னா வேலை முடிஞ்சதும் அது விட்டுரும், மறுவாரம் திருப்பிச் சொல்லணும். பொம்பளைப் பேருன்னா விடுமா, வச்சுக்குமா, எனக்குத் தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது.”

“இப்பச் சொல்லலாமா? இன்னைக்கு வெள்ளி இல்லையே.”

“ரோதை ஓடிக்கிட்டு இருந்தா அது கேக்கும். கெழமை எல்லாம் நாம வச்சது.”

திரும்பி வந்தப்ப கட்டின பெல்ட் துண்டு விறைச்சுப் போயிருந்துச்சு. தொட்டான், சுட்டுச்சு. நிலக்ஷி உள்ள உக்காந்து நாளைக்குப் போற பையை அடுக்கிக்கிட்டிருந்தா. நீச்சல் கண்ணாடி, வாழைப்பழம், பேரீச்சம்பழம், மாத்துச் சப்பாத்து. ஓடுற சட்டை முதுகுல நம்பரை வச்சு நாலு மூலைக்கும் ஊசி குத்திக்கிட்டே பாட்டு முணுமுணுத்தா.

“நாளைக்குப் போகாட்டி என்ன?” பிரதாப் கேட்டான்.

பாட்டு நின்னுச்சு. “ஏங்க?”

“மழை வரும்போல இருக்கு.”

“மழை வரும்னு ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே தெரியும்.” ஊசியைக் கீழ வச்சா. “கால் தெரியிற கால்சட்டை போட்டுக்கிட்டு ஓடுறேன்னு இந்தத் தோட்டத்துல பேசாத வாய் இல்ல. அதையெல்லாம் சகிச்சுக்கிட்டது நாளைக்கு ஒரு நாளுக்குத்தான். போகாம இருந்துட்டு, திங்கக்கிழமை புள்ளக்காம்பராவுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? டயரைத்தான் மாத்திட்டீங்களே, அப்புறம் என்ன பயம்?”

ரோதையைப் பத்திச் சொன்னா அவ நம்பமாட்டா. நம்பினா அதை விட மோசம், பயத்தோட போவா. கம்பி வெட்டுற குறட்டை எடுத்து நாலு கம்பியை வெட்டிப்போட்டா போட்டியே இல்ல. குறட்டைக் கையிலயும் எடுத்தான். இந்தத் தோட்டத்துல வேற ரோதை கிடையாது, கிருஷாந்தன் சேர்கிட்டயும் கிடையாது. வெட்டினா அவ உசுரோட இருப்பா. காலம் பூரா இவனைப் பாக்கமாட்டா. பிரதாப் குறட்டை வச்சிட்டு வெளிய வந்தான். மணி நாலு இருக்கும், பனியில வாசல்ல கட்டியிருந்த துணிக்கொடிகூடத் தெரியல.

பெல்ட் துண்டை அவிழ்த்து விட்டான். ரோதை சுத்த ஆரம்பிச்சுச்சு, அந்த இரைச்சலோட.

கும்பிட்டான். பேரைச் சொல்ல வாயைத் திறந்தா வரல. பயம் ஒரு பக்கம், பழக்கமில்லாதது ஒரு பக்கம். கல்யாணமாகி ஆறு வருசத்துல அவளைப் பேரு சொல்லி அவன் கூப்பிட்டதே இல்ல. இந்தா, புள்ள, ஏய், அவ்ளோதான். லயத்துல எந்த ஆம்பளை பொண்டாட்டி பேரைச் சொல்றான்? தொண்டையைச் செருமிக்கிட்டு, குனிஞ்சு, ரோதைகிட்ட வாயை வச்சான்.

“நிலக்ஷி,”ன்னான். “அவ பேரு நிலக்ஷி. ஓட்டப்போறது அவதான். பாத்துக்கங்க.”

ரோதை நின்னுச்சு. மெதுவாகி நிக்கல, சட்டுனு நின்னுச்சு. இரைச்சலும் அதோட போச்சு. லயத்துல ஒரு நாய் குரைச்சுது, யாரோ அதை அதட்டினாங்க. விரலால சுண்டிப் பாத்தான். எல்லா ரோதையும் மாதிரி கொஞ்சம் சுத்திட்டு ஓய்ஞ்சுச்சு. பிரேக் அமுக்கினா நின்னுச்சு. அவனுக்கு அழுகையே வந்துருச்சு. அன்னைக்கு சோறு ரெண்டு தட்டு சாப்பிட்டான்.

ஞாயித்துக்கிழமை விடிகாலையில தூறல். நீச்சலை முடிச்சிட்டு கரையேறி ஓடி வந்தவளுக்கு சைக்கிளை எடுத்துக் குடுக்கக்கூட விடல, வேலிக்கு வெளியதான் நிக்கணும்னாங்க. நின்னான். தலவாக்கலையில அந்த வேலியை விட்டு பிரதாப் அடுத்த ஆறு மணி நேரம் ஒரு அடி நகரல. பக்கத்துல கிருஷாந்தன் சேர் கையில கடிகாரத்தோட நின்னாரு. ரெண்டு பேரும் ஒரு பனிஸ் ரொட்டியைப் பிச்சுத் தின்னாங்க. மேல டயகமப் பக்கம் மலையே இல்லாத மாதிரி பனி மூடிக்கிடந்துச்சு. ஒண்ணு ரெண்டு பேர் காலுல கையில காயத்தோட வேன்ல வந்து இறங்கினாங்க. ஒவ்வொரு வேனும் வரும்போது பிரதாப் வேலியைப் பிடிச்சுக்குவான்.

ஒண்ணு பதினெட்டுக்கு நிலக்ஷி வந்தா. முகமெல்லாம் சேறு, பல்லு மட்டும் வெள்ளையாத் தெரியுது. கோட்டுக்கிட்ட பிரேக் புடிச்சா, தடிப்பு டயரு சொன்ன பேச்சுக் கேட்டு நின்னுச்சு. பிரதாப்புக்கு உசுரு திரும்பி வந்துச்சு.

“அவளிட்டைக் கதை குடுக்காதேங்கோ, சப்பாத்தை மாத்தட்டும்,”னு கிருஷாந்தன் சேர் சொன்னாரு. ஆனா அவளே வேலிப்பக்கம் வந்து, குனிஞ்சு சப்பாத்து மாட்டிக்கிட்டே பேசினா.

“எப்பிடிங்க எனக்கு முந்தி வந்து சேந்தீங்க? யாரு வேன்ல ஏத்திக்கிட்டு வந்தா?”

“எங்க இருந்து?”

“மலையில இருந்துதான். டயகமவுல திரும்பினதுல இருந்து வளைவுக்கு வளைவு நின்னு கூப்பிட்டீங்களே. பனியில ஆளு தெரியல, குரலுதான். நீங்க கூப்பிட்ட எடத்துல எல்லாம் பிரேக் புடிச்சேன்.” சப்பாத்துக் கயித்தை இழுத்துக் கட்டினா. “ஏழாம் நம்பர் வளைவுல ரெண்டு தடவை கூப்பிட்டீங்க பாருங்க, அங்க நான் இறங்கியே நின்னுட்டேன். நின்னு பாத்தா ரோட்டுல பாதி இல்ல, மண்ணு சரிஞ்சு கிடக்கு. போயிருந்தா போயிருப்பேன்.”

கிருஷாந்தன் சேர் பிரதாப்பைப் பாத்தாரு. பிரதாப் அவரைப் பாக்கல.

“எல்லாருக்கும் முன்னால பேரு சொல்லி,”ன்னா நிலக்ஷி. சேத்துக்குள்ள முகம் சிவந்துச்சு. “ஆறு வருசத்துல இன்னைக்குத்தான் நிலக்ஷின்னு கூப்பிட்டிருக்கீங்க. அதுக்காகவே நான் இந்த இருபத்தொண்ணையும் ஓடிருவேங்க.”

“நீ பதில் ஏதும் சொன்னியா?”

“சொல்லாம இருப்பனா? வான்னு கூப்பிட்டீங்க. வர்றேன்னு சொன்னேன்.”

சொல்லிட்டு ஓடிட்டா. ஓட்டப் பாதை நானுஓயாப் பக்கமா மேட்டுல ஏறுச்சு. ஐம்பது கஜம் தாண்டினதும் பனிக்குள்ள அவ முதுகு நம்பர் மங்கலாச்சு. அப்ப கேட்டுச்சு. மேல, அவ போற பக்கம், தேயிலைக்கு நடுவுல இருந்து. நிலக்ஷின்னு. பிரதாப்போட குரல், அச்சு மாறாம, தொண்டையைச் செருமிக்கிட்டு நேத்து சொன்ன அதே மாதிரி. முனி அவ பேரை விடல, வச்சுக்கிருச்சு. அவ கேட்டுட்டு தலையைத் தூக்கி, வேகத்தைக் கூட்டினா.

பிரதாப் வேலியைத் தாண்டினான். மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தன் சிங்களத்துல “மல்லி, அயின் வென்ன”ன்னு ரோட்டை விட்டு விலகச் சொன்னான். விலகல. பாட்டா செருப்பு ஒண்ணு அறுந்து போச்சு, மத்ததையும் உதறிட்டு ஓடினான். அவளை எட்டிப் பிடிக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும், ரெண்டு வருசமா ஓடுற கால் அது. குரல்தான் எட்டும். நிலக்ஷின்னு கத்தினான். அவ திரும்பிப் பாத்து சிரிச்சு, கையை ஆட்டிட்டு ஓடினா. மறுபடியும் கத்தினான். கடை வாசல்ல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. வெக்கம் பாக்கிற நேரமா அது. அவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும் அவ பின்னால திரும்பினா. அவன் மூச்சு வாங்க நிறுத்தின எடத்துல, அந்தச் சின்ன இடைவெளியில, மேல இருந்து அவன் குரல் அவளைக் கூப்பிட்டுச்சு, அவ முன்னால பாத்தா.

அதனால அவன் மூச்சு வாங்கல. நிலக்ஷி, நிலக்ஷின்னு விடாம கூப்பிட்டுக்கிட்டே வெறுங்காலோட மேடு ஏறினான். ரோட்டோரத்துல ஒரு கல்லுல போட்டிக்காரங்க ஓட்டத்துக்கு மிச்சத் தூரத்தை எழுதியிருந்தாங்க. இன்னும் பத்தொம்பது கிலோமீட்டர் இருந்துச்சு.